டிஞ்சர் அயோடின் ஒரு குடத்துக்கு எவ்வளவு? வெள்ள நேரத்துக் குடிதண்ணி பற்றி

பொன்னை ஆத்தங்கரை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மழைக்காலத்துக்கு முன்னாடி பொன்னை, மேல்பாடி பக்கத்து ஊர்களுக்காக அவசரப் பெட்டி தயார் பண்றோம். 2021 நவம்பர்ல பொன்னையாத்துலயும் பாலாத்துலயும் தண்ணி வந்தப்போ எப்படி இருந்துச்சுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். அப்படி ஒரு நேரத்துல கரண்டு இருக்காது, ஆர்.ஓ. ஓடாது, கேன் வண்டி வராது. விறகு நனைஞ்சு, சிலிண்டரும் தீர்ந்துட்டா காய்ச்சவும் வழியில்ல. அதுக்குத்தான், தண்ணியில இருக்கிற கிருமியைக் கொல்ல டிஞ்சர் அயோடின் (புண்ணுக்குப் போடுற பழுப்பு மருந்து) வாங்கி வைக்கலாம்னு பேச்சு.

ஒரு துண்டுச்சீட்டுல லிட்டருக்கு 5 சொட்டுன்னு இருக்கு, இன்னொன்னுல 10 சொட்டு. எது சரி? எங்க கணக்கு எல்லாமே குடம், கேன். அதுக்கு எவ்வளவு ஊத்தணும்? டிஞ்சர் கிடைக்கலன்னா புண்ணுக்குப் போடுற பீட்டாடின் ஊத்தலாமா? நிறைய வீட்ல பித்தளைக் குடம்தான் இருக்கு, பரவாயில்லயா? ஊர்ப் பொதுக் கிணத்துலயே ஊத்திடலாமான்னும் ஒருத்தர் கேக்குறார். விவரம் தெரிஞ்சவங்க அளவோட சொல்லுங்க.

---

காட்பாடி மருந்தாளுநர்:

முதல்ல சொட்டுக் கணக்கை விட்டுடுங்க தம்பி. ஒரு லிட்டர் தண்ணிக்கு ஏறக்குறைய 5 மில்லிகிராம் அயோடின் சேரணும், அதுதான் அடிப்படை. கலங்கல் தண்ணின்னா 10 மி.கி. நீங்க பார்த்த 5 சொட்டும் 10 சொட்டும் ஒரே கணக்குதான், ஒன்னு தெளிஞ்ச தண்ணிக்கு, ஒன்னு கலங்கலுக்கு.

சொட்டுல என்ன சிக்கல்னா, டிஞ்சர் சாராயத்துல கரைச்ச மருந்து. தண்ணி மாதிரி பெரிய சொட்டா விழாது, சின்னச் சின்னதா விழும். 20 சொட்டு 1 மி.லி. என்கிற கணக்கு தண்ணிக்கு. அதை நம்பி டிஞ்சரை எண்ணி ஊத்தினா பாதி அளவுகூடப் போய்ச் சேராது. பாட்டிலுக்குப் பாட்டில் சொட்டு மூடியும் வேற வேற. அதனால ஊசி இல்லாத சிரிஞ்சால அளங்க.

2% டிஞ்சர்ல 1 மி.லி.க்கு 20 மி.கி. அயோடின் இருக்கு. அப்போ தெளிஞ்ச தண்ணி ஒரு லிட்டருக்கு 0.25 மி.லி. போதும். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்துக்கு 3.75 மி.லி., 20 லிட்டர் கேனுக்கு 5 மி.லி. இருமல் மருந்தோட வர்ற மூடியில 5 மி.லி. கோடு இருக்குமே, கேனுக்கு அதுவே போதும். ஒரு லிட்டர் பாட்டிலுக்குன்னா, சர்க்கரை வியாதிக்காரங்க வீட்ல இருக்கிற 40 யூனிட் இன்சுலின் சிரிஞ்சுல 10 யூனிட் அளவு சரியா 0.25 மி.லி. ஆனா 100 யூனிட் சிரிஞ்சா இருந்தா 25 யூனிட் அளவு. ரெண்டையும் மாத்திப் பார்த்துடாதீங்க, அளவு ரெண்டரை மடங்கு மாறிடும்.

அடுத்தது பாட்டில். மெடிக்கல்ல "டிஞ்சர் கொடுங்க"ன்னு மட்டும் கேட்டா டிஞ்சர் பென்சாயின் கைக்கு வந்துடும். அதே பழுப்பு பாட்டில், அதே அளவு. அது தண்ணியைச் சுத்தம் பண்ணாது, குடிக்கவும் கூடாது. பெட்டியில வைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பாட்டிலையும் ஒரு பருக்கைச் சோத்துல சோதிச்சிடுங்க. ஆறின சோத்து மேல ஒரு சொட்டு விட்டா அயோடின் உடனே கருநீலமா மாறும். பென்சாயின் மாறாது, அதைத் தண்ணியில விட்டா பால் மாதிரி வெளுக்கும். நிறமில்லாத அயோடின்னு ஒன்னும் விக்குது. அதுல கிருமியைக் கொல்ற அயோடின் இல்லை, அயோடைடா மாறிப்போச்சு. சோத்துல நீலம் வராது, அதையும் ஒதுக்கிடுங்க. சோறு சுடச்சுட இருக்கும்போது சோதிக்காதீங்க, சூட்டுல நீலம் தெரியாது.

பீட்டாடின் பத்தி: அது பொவிடோன் அயோடின். 10% னு போட்டிருந்தாலும் அது பொவிடோன் சேர்ந்த மொத்தக் கணக்கு. அதுல வேலை செய்யிற அயோடின் 1% தான், லேபிள்லயே கிடைக்கும் அயோடின்னு தனியா ஒரு வரி இருக்கும். ஆக 10% பாட்டில்னா லிட்டருக்கு 0.5 மி.லி., 5% பாட்டில்னா 1 மி.லி. டிஞ்சர் இல்லாத நேரத்துல ரெண்டாவது வழியா வச்சிக்கலாம். ஆனா "சொல்யூஷன்" மட்டும்தான். ஆபரேஷனுக்கு முன்னாடி கை கழுவுற ஸ்க்ரப்ல சோப்பு கலந்திருக்கும், ஆயின்ட்மெண்ட் கரையவே கரையாது. வாய் கொப்பளிக்கிற மருந்துல இனிப்பும் வாசனையும் சேர்த்திருப்பாங்க. இந்த மூணும் வேண்டாம்.

லூகால் கரைசல் (தண்ணியில கரைச்ச அயோடின் மருந்து) கிடைச்சா அது 5%, லிட்டருக்கு 0.1 மி.லி., கேனுக்கு 2 மி.லி. போதும். டிஞ்சர் அளவையே இதுக்கும் போட்டா ரெண்டரை மடங்காயிடும்.

---

நீர் ஆய்வகம் சத்துவாச்சாரி:

மேல சார் சொன்ன அளவு சரி. ஆனா களத்துல அளவுல வர்ற தப்பைவிட வரிசையில வர்ற தப்புதான் அதிகம். அதனால செய்முறை.

வெள்ளத் தண்ணி செம்மண் நிறத்துல இருக்கும்போது நேரா டிஞ்சரை ஊத்தினா வீண். மண்ணுத் துகளுக்குள்ள கிருமி ஒளிஞ்சுக்கும், கூடவே இலை தழை, சாணி மாதிரி அழுகின பொருளெல்லாம் அயோடினை முதல்ல தின்னுடும். கிருமிக்கு மிச்சம் இருக்காது. அதனால பழைய பருத்தி வேட்டியையோ புடவையையோ நாலு மடிப்பா மடிச்சு வடிகட்டுங்க. புதுத் துணியைவிட பல தடவை துவைச்ச துணி நல்லது, நூல் பரந்து கண் சின்னதாயிருக்கும். அதுக்கப்புறமும் கலங்கலா இருந்தா 20 லிட்டருக்கு அரை டீஸ்பூன் படிகாரப் பொடி. ஒரு நிமிஷம் வேகமாக் கலக்கி, அஞ்சு நிமிஷம் மெதுவாக் கலக்கி, அசைக்காம வச்சிடுங்க. அரை மணியில அடியில பஞ்சு மாதிரி படியும், சிலசமயம் ரெண்டு மணி நேரம்கூட ஆகும். மேலாகத் தெளிஞ்சதை மட்டும் சொம்பால மொண்டு வேற பாத்திரத்துக்கு மாத்துங்க. சாய்ச்சு ஊத்தினா படிஞ்சது கிளம்பிடும்.

தேத்தாங்கொட்டையை உள்பக்கம் உரசித் தெளிய வைக்கிற பழக்கம் நம்ம பக்கத்துல உண்டு. தெளியும். ஆனா அதுவும் தாவரச் சத்துதான், தண்ணியில தங்குறது அயோடினைக் கொஞ்சம் தின்னும். அயோடின் போடப் போற தண்ணிக்குப் படிகாரம் மேல்.

பாத்திரம்: பித்தளை, செம்பு, அலுமினியம் மூணும் கூடாது. அயோடின் உலோகத்தோட சேர்ந்துடும், குடம் கறுக்கும், தண்ணியில மருந்து குறையும். எவர்சில்வர், கண்ணாடி, உணவுக்கான பிளாஸ்டிக் கேன் போதும். கஞ்சி வடிச்ச அண்டாவை நல்லாக் கழுவாம இதுக்கு எடுக்காதீங்க. ஓரத்துல ஒட்டியிருக்கிற கஞ்சி அயோடினைப் பிடிச்சு நீலமாகும், பிடிச்ச அளவு மருந்து போச்சு.

மருந்தை ஊத்தி, மூடி, நல்லாக் குலுக்குங்க. பாட்டிலா இருந்தா அஞ்சு நிமிஷம் கழிச்சு மூடியைக் கொஞ்சம் தளர்த்தி, கவுத்து, மருந்து கலந்த தண்ணி மூடி மரைகள் வழியா கசியற மாதிரி விட்டு மறுபடி இறுக்குங்க. வாய் வைக்கிற இடம் அதுதான், அங்கதான் சுத்திகரிக்காத தண்ணி தங்கியிருக்கும். கேன்ல குழாய் இருந்தா அதையும் ஒரு தடவை திறந்து கொஞ்சம் ஓட விடுங்க.

காத்திருக்கிறது முழுசா 30 நிமிஷம். நேரம் இருந்தா 45 வைங்க, நஷ்டமில்ல. இந்தக் கணக்கு நம்ம சமவெளித் தண்ணிக்கு. ஜவ்வாது மலையிலயோ ஏலகிரியிலயோ மார்கழிக் குளிர்ல ஊத்துத் தண்ணி எடுக்கிறவங்க ஒரு மணி நேரமாவது விடணும். தண்ணி குளுர குளுர அயோடின் வேலை மெதுவாகும்.

அரை மணி முடிஞ்சதும் வெள்ளை டம்ளர்ல ஊத்திப் பாருங்க. லேசான மஞ்சள் சாயலும் மருந்து வாடையும் இருக்கணும். ரெண்டும் சுத்தமா இல்லன்னா தண்ணியில இருந்த அழுக்கே மருந்தைத் தின்னுடுச்சுன்னு அர்த்தம். அதே அளவு இன்னொரு தடவை போட்டு, இன்னொரு அரை மணி.

---

வாலாஜா வாசி:

எதுக்கும் எல்லாத் தண்ணிக்கும் டபுள் டோஸ் போட்டுட்டா பாதுகாப்பு இல்லயா சார்? அப்புறம், டிஞ்சர் கிடைக்காதவங்க அயோடின் உப்பைக் கரைச்சா வேலை செய்யுமா?

---

காட்பாடி மருந்தாளுநர்:

உப்பு வேலை செய்யாது. அதுல இருக்கிறது அயோடேட், அதுவும் கிலோவுக்கு சில பத்து மி.கி. மட்டும். கிருமியைக் கொல்றது தனி அயோடின்தான். எவ்வளவு உப்பு கரைச்சாலும் உப்புக் கரிக்கும், கிருமி அப்படியேதான் இருக்கும். சமையலுக்கு அது வேணும், இதுக்கு இல்ல.

டபுள் டோஸ் கலங்கலுக்கு மட்டும். பெரிய ஆளுக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். 5 மி.கி. போட்ட தண்ணி ஒரு லிட்டர் குடிச்சாலே அதுக்கு 33 மடங்கு உள்ள போகுது. டபுள்னா 66 மடங்கு. நாலு நாளைக்குத் தாங்கும், வழக்கமாக்கிக்க முடியாது. கலங்கலைத் தெளிய வச்சிட்டு ஒத்தை டோஸ் போடுறதுதான் உடம்புக்கும் நல்லது, ருசிக்கும் நல்லது.

---

குடியாத்தம் செவிலி:

யாருக்குக் கொடுக்கக் கூடாதுங்கிறதைப் பெட்டியிலேயே பெரிய எழுத்துல எழுதி ஒட்டுங்க தம்பி. அந்த நேரத்துல யாரும் போன்ல தேடிப் படிக்க மாட்டாங்க.

கர்ப்பிணிங்க, பால் கொடுக்கிற தாய்மார், கைக்குழந்தைங்க, தைராய்டு மாத்திரை சாப்பிடுறவங்க, கழுத்துக் கழலை இருக்கிறவங்க, அயோடின் மருந்து ஒத்துக்காதவங்க. இவங்களுக்கு அயோடின் தண்ணி வேண்டாம். அதிக அயோடின் வயித்துல இருக்கிற குழந்தையோட தைராய்டை அடக்கும், வயசானவங்களுக்கு ரொம்ப நாள் இருக்கிற கழலையைத் தூண்டிவிட்டு நெஞ்சுப் படபடப்பு வர வைக்கும். ஊர்ல ஒரே ஒரு அடுப்புதான் எரியுதுன்னா காய்ச்சின தண்ணி முதல்ல இவங்களுக்குத்தான். தளதளன்னு கொதி வந்து ஒரு நிமிஷம் கொதிச்சா போதும்.

மத்தவங்களும் சில நாளு, மிஞ்சினா ரெண்டு மூணு வாரம், அவ்வளவுதான். நைஜர் நாட்டுல வேலை செஞ்ச அமெரிக்க பீஸ் கோர் தன்னார்வலர்கள் அயோடின் வடிகட்டித் தண்ணியையே மாசக்கணக்கா குடிச்சாங்க. பலருக்குக் கழுத்துல தைராய்டு வீங்கினது 1990-கள்ல தெரிய வந்துச்சு. அவங்க எல்லாம் ஆரோக்கியமான இளவயசு ஆளுங்க.

இன்னொன்னு. கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு ஒட்டுண்ணி இருக்கு. வேலூர்க் குழந்தைங்க கிட்ட நடந்த வயித்துப்போக்கு ஆய்வுகள்ல அது அடிக்கடி வந்த பேர். அயோடினும் குளோரினும் அதை ஒன்னும் பண்ணாது, ஓடு அவ்வளவு கெட்டி. கொதிக்க வச்சா செத்துடும், 1 மைக்ரான் வடிகட்டியில நிக்கும். அதனால அயோடின் தண்ணி குடிச்சும் சின்னப் பசங்களுக்கு வயித்தால போறது நிக்கலன்னா, "மருந்து போட்ட தண்ணிதானே"ன்னு இருக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போங்க.

ஓ.ஆர்.எஸ். கலக்குறவங்க, டிஞ்சர் போட்டு அரை மணி கழிஞ்ச தண்ணியில கலக்கணும். எலுமிச்சை, நெல்லிக்காய், வைட்டமின் சி, கலர் பவுடர் எல்லாம் அதே மாதிரி அப்புறம்தான். வைட்டமின் சி அயோடினை அந்த நிமிஷமே செயலிழக்க வச்சிடும், முன்னாடியே பிழிஞ்சா கிருமி சாகாது. அரை மணி கழிச்சு ஒரு டம்ளருக்கு அரை ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டா மஞ்சள் சாயல் கண்ணெதிர்லயே மறையும், மருந்து வாடையும் போயிடும். பசங்க மூஞ்சி சுளிக்காம குடிக்கிறதுக்கு இதுதான் வழி. ஆனா டம்ளர்ல மட்டும் விடுங்க, கேன்ல விடாதீங்க. கேன் தண்ணியில மருந்து மிச்சம் இருந்தாத்தான் மறுபடி கை பட்டாலும் காக்கும். நிறம் போனதால அயோடின் உடம்புக்குள்ள போறது குறையாது, கர்ப்பிணிங்களுக்கு எலுமிச்சை விட்டுக் கொடுக்கலாம்னு நினைச்சுடாதீங்க.

---

ராணிப்பேட்டை வேதியியல்:

நம்ம பக்கத்துக்குன்னு ஒரு விஷயம் விட்டுப்போச்சு. அயோடின் கிருமிக்கு மட்டும். குரோமியம், உப்பு, ஃப்ளோரைடு, பூச்சிமருந்து, டீசல் எதையும் அது தொடாது.

பாலாத்து ஓரத்துல தோல் பதனிடுற தொழிலால நிலத்தடி நீர் கெட்ட கதை உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1996-ல தீர்ப்பு வந்துச்சு. ராணிப்பேட்டையில மூடிப்போன குரோமேட் ஆலை விட்டுட்டுப் போன கழிவுக் குவியல் இன்னும் பேச்சுல இருக்கு. அந்த மாதிரி இடத்துப் போர் தண்ணி மஞ்சளா வந்தா, அது மேல டிஞ்சர் ஊத்தி "மஞ்சள் சாயல் இருக்கு, சரியாப்போச்சு"ன்னு குடிக்கிற ஆபத்து இருக்கு. அதனால மருந்து போடுறதுக்கு முன்னாடியே வெள்ளை டம்ளர்ல தண்ணியைப் பார்த்து நிறம், வாடை, எண்ணெய்ப் படலம் இருக்கான்னு கவனிக்கணும். வடிகட்டித் தெளிய வச்ச பிறகும் தானா மஞ்சளா இருக்கிற தண்ணி, மண்ணெண்ணெய் வாடை அடிக்கிற தண்ணி, சாயம் மிதக்கிற தண்ணி எதையும் எந்த மருந்து போட்டும் குடிக்க வேண்டாம். காய்ச்சினாலும் தீராது. நீர் ஆவியாப் போகப் போக மிச்சம் இருக்கிறதுல அந்த உப்பும் உலோகமும் இன்னும் செறிவாத்தான் ஆகும்.

அந்த ஊர்களுக்கு எளிய வழி, கூரையில இருந்து வர்ற மழைத் தண்ணி. முதல் பத்து இருபது நிமிஷ மழையை விட்டுட்டு அப்புறம் வர்றதைச் சுத்தமான அண்டாவுல பிடிங்க. காக்கா எச்சமும் தூசியும் முதல்லயே கழுவிப் போயிடும். அதுக்கு அயோடின் போட்டா ஒத்தை டோஸே போதும், தெளிஞ்ச தண்ணி. அஸ்பெஸ்டாஸ் கூரை, புதுசா பெயின்ட் அடிச்ச தகரம் ரெண்டையும் தவிர்த்துடுங்க.

---

மேல்நிலைத் தொட்டி:

கிணத்துல டிஞ்சர் ஊத்துற யோசனைக்கு என் பதில். கணக்குப் போட்டுப் பாருங்க. 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் தண்ணி உயரம் உள்ள வட்டக் கிணறு. விட்டத்தை விட்டத்தால பெருக்கி, உயரத்தால பெருக்கி, 0.785-ஆல பெருக்கினா 28 கன மீட்டர் சொச்சம், அதாவது 28,000 லிட்டர். லிட்டருக்கு 0.25 மி.லி.ன்னா 7 லிட்டர் டிஞ்சர் வேணும். 100 மி.லி. பாட்டில்ல 70 பாட்டில். யாராலயும் முடியாது, கர்ப்பிணிங்க உட்பட ஊரே அதைத்தான் குடிக்கணும்.

கிணத்துக்கு பிளீச்சிங் பவுடர்தான். நல்ல பவுடர் 1000 லிட்டருக்கு 2.5 கிராம், அந்தக் கிணத்துக்கு 70 கிராம். இது சாதாரணத் தண்ணிக்கு. வெள்ளம் உள்ள புகுந்திருந்தா முதல்ல மோட்டார் வச்சு இறைச்சு, புதுசா ஊறின பிறகு போடுங்க, அளவும் கூட வேண்டியிருக்கும். பவுடரை அப்படியே கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில கொஞ்சம் தண்ணி விட்டுக் கூழாக்கி, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிஷம் விட்டா சுண்ணாம்பு அடியில தங்கும். மேல் தண்ணியை இன்னொரு வாளியில எடுத்து, கயித்துல கட்டிக் கிணத்துக்குள்ள இறக்கி, மேலயும் கீழயும் இழுத்துக் கலந்து விடுங்க. சுண்ணாம்பு கிணத்துல போனா தண்ணி கடினமாகும். ஒரு மணி நேரம் கழிச்சு குளோரின் சோதனை மருந்து விட்டுப் பாருங்க, லிட்டருக்கு 0.5 மி.கி. மிச்சம் காட்டணும். காட்டலன்னா இன்னும் போடணும்.

பவுடர் மூட்டை திறந்து ஈரத்துல கிடந்தா சக்தி போயிடும். மூக்குல நெடி ஏறலன்னா அந்த மூட்டையை நம்பாதீங்க.

இன்னொன்னும் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. வீட்டு அளவுக்கும் என் முதல் தேர்வு குளோரின் மாத்திரைதான். 20 லிட்டருக்கு ஒன்னுன்னு அட்டையிலேயே போட்ட மாத்திரை வாங்குங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் கேட்டுப் பாருங்க. கர்ப்பிணிங்களும் குடிக்கலாம், தைராய்டு பயமில்ல. அயோடினை அதுவும் இல்லாதபோது எடுங்க.

---

காட்பாடி மருந்தாளுநர்:

மேல்நிலைத் தொட்டி அண்ணா சொல்றதை அப்படியே ஒத்துக்கிறேன். அயோடினுக்கு ஒரே ஒரு பலம், புண்ணுக்கும் ஆகும், தண்ணிக்கும் ஆகும், பல முதலுதவிப் பெட்டியில ஏற்கெனவே இருக்கும்.

---

பொன்னை ஆத்தங்கரை:

எல்லாருக்கும் நன்றி. அப்போ வரிசை இப்படி வச்சிக்கிறோம்: அடுப்பு எரிஞ்சா காய்ச்சறது, இல்லன்னா குளோரின் மாத்திரை, அதுவும் இல்லன்னா டிஞ்சர். கிணத்துக்கு பிளீச்சிங். ஒரு வீட்டுக்கு எத்தனை பாட்டில் வேணும்? எவ்வளவு நாள் கெடாம இருக்கும்?

---

காட்பாடி மருந்தாளுநர்:

100 மி.லி. பாட்டில் ஒன்னு 400 லிட்டருக்கு வரும். நாலு பேர் வீட்ல குடிக்க, சமைக்க ஒரு நாளைக்கு 12 லிட்டர்னா 3 மி.லி., ஒரு மாசத்துக்கு மேலயே வரும். வெள்ளம் அவ்வளவு நாள் இருக்காது, அவ்வளவு நாள் குடிக்கவும் கூடாது. அதனால வீட்டுக்கு 100 மி.லி. ஒன்னே தாராளம், ரெண்டு வீட்டுக்கு ஒன்னு வச்சாலும் சரி.

பழுப்புக் கண்ணாடி பாட்டில்லயே இருக்கட்டும், பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாத்தாதீங்க. ரப்பர் மூடி வேண்டாம், அயோடின் அரிச்சிடும். மூடி சரியா இறுகலன்னா சாராயம் ஆவியாகி மீதி கெட்டியாகும், 2% என்கிற கணக்கே தப்பாயிடும். மட்டம் குறைஞ்சு, பாட்டில் கழுத்துல பழுப்புப் படிகம் ஒட்டியிருந்தா அதைத் தண்ணிக்கு எடுக்காதீங்க. வருஷா வருஷம் ஆடி மாசம் பெட்டியைத் திறந்து தேதி பாருங்க, சோத்துப் பருக்கை சோதனையும் ஒரு தடவை.

பெட்டியில ஒவ்வொரு பாட்டிலோடயும் ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்ச் ஒன்னை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிடுங்க. பாட்டில் மேல பெயின்ட் பேனாவால "20 லிட்டர் கேன்: 5 மி.லி., குடம்: 3.75 மி.லி., 30 நிமிஷம்"னு எழுதுங்க. காகிதம் ஒட்டினா நனைஞ்சு உரிஞ்சிடும். குழந்தைங்க கைக்கு எட்டாத உயரத்துல வைங்க, இந்த மருந்தை அப்படியே குடிச்சா தொண்டை வெந்துடும்.

---

குடியாத்தம் செவிலி:

குடம் அளவை மட்டும் ஊர்ல ஒரு தடவை அளந்துடுங்க தம்பி. 15 லிட்டர்னு விக்கிற குடம் சிலது 12 தான் பிடிக்கும். ஒரு லிட்டர் பாட்டிலால ஊத்தி எண்ணி, குடத்துக் கழுத்துல கோடு போட்டு, மி.லி. அளவை அந்தக் கோட்டுப் பக்கத்துலயே எழுதி வைங்க.